கருமருந்து ரைபிளில் காரீயம் ஒட்டாமல் பார்த்துக்கொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரீயத்தை உருக்கி வார்த்த குண்டுகளைக் கருமருந்தில், அதாவது புகை கக்கும் பழங்கால வெடிமருந்தில், சுடுபவர்களுக்கான பக்கம் இது. முக்கியமாக மனதில் வைத்திருப்பது .45-70 தோட்டா (சுமார் 0.45 அங்குலக் குண்டு, 70 கிரெய்ன் கருமருந்து; ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்) போடும் அமெரிக்க ரைபிள்கள்: ஷார்ப்ஸ், ரெமிங்டன் ரோலிங் பிளாக், ட்ராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்ட், இவற்றின் இன்றைய நகல்கள். வாய்வழி மருந்து நிரப்பும் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் இடையில் ஒரு பதில் உண்டு. இன்றைய துப்பாக்கிகளின் புகையற்ற மருந்தில் பழகிவிட்டு இந்தப் பக்கம் வருபவர்கள் ஒரு தவறான பாடத்தையும் கூடவே கொண்டு வருகிறார்கள்: காரீயம் ஒட்டினால் குண்டைக் கடினமாக்கு என்பது. கருமருந்தில் அது பெரும்பாலும் நேர்மாறான பலனைத் தரும். கீழே உள்ள பதில்களில் பாதி அதைச் சுற்றியே வருகிறது.

கசடும் காரீயப் படிவும் ஒன்றுதானா?

இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தப்பான தீர்வைத் தேடுகிறார்கள்.

கருமருந்து என்பது எடைக்கணக்கில் ஏறக்குறைய 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். எரிந்த பிறகு அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாகப் போகாமல் திடப்பொருளாக நிற்கிறது. புகையாகத் தெரிவதும் குழலுக்குள் கருப்பாகப் படிவதும் அதுதான். பெரும்பாலும் பொட்டாசியம் உப்புகள். தண்ணீரில் கரையும், காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அப்படியே விட்டால் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். இதைக் கசடு என்போம்.

காரீயப் படிவு என்பது குண்டிலிருந்து உரிந்தோ உருகியோ குழல் சுவரில் அப்பிக்கொள்ளும் உலோகம். தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் முதலாவது இரண்டாவதை உண்டாக்கும். கசடு காய்ந்து இறுகிவிட்டால் குழலின் உட்சுவர் உப்புத்தாள் மாதிரி ஆகிவிடுகிறது. அடுத்து வரும் குண்டின் மேலிருக்கும் மசகை வழித்தெடுத்துவிட்டு, காரீயத்தையும் சேர்த்து இழைத்துவிடும்.

ஒட்டியிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் கசடைக் கழுவி எடுங்கள். கசடு இருக்கும்போது குழலுக்குள் எட்டிப் பார்த்து எந்த முடிவுக்கும் வர முடியாது. ஈரத்துணி, அப்புறம் காய்ந்த துணி, குழல் உலர்ந்ததும் ஒரு பக்கம் சிறு விளக்கை வைத்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சுத்தமான குழலில் புரிகளின் (குண்டைச் சுழல வைக்கக் குழலுக்குள் வெட்டிய சுருள் பள்ளங்களின்) விளிம்பு கூர்மையாக, ஒரே கோடாகச் சுற்றிப் போகும். காரீயம் ஒட்டிய இடத்தில் அந்த விளிம்பு மழுங்கித் தெரியும். பள்ளத்தின் மூலையில் சாம்பல் வெள்ளிநிறக் கீற்று நீளமாக ஓடும். குழலை மெதுவாக உருட்டினால் எஃகின் பளபளப்பு நகரும், அந்தக் கீற்று மட்டும் மங்கலாக அதே இடத்தில் நிற்கும்.

இன்னொரு வழி, துணியைப் படிப்பது. இறுக்கமான காய்ந்த துணி குழலுக்குள் ஓரிடத்தில் மட்டும் தடுமாறி, அந்த இடத்தைத் தாண்டியதும் வழுக்கிக்கொண்டு போனால், அந்த இடத்தைச் சந்தேகப்படுங்கள். வெளியே வந்த துணியில் தகடு போன்ற மெல்லிய மின்னும் செதில்கள் இருந்தால் சந்தேகமே வேண்டாம். கருப்பு மட்டும் இருந்தால் அது கசடு.

எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதற்கு அர்த்தம் உண்டா?

நிறைய உண்டு.

தோட்டா உட்காரும் அறையான சேம்பரைத் தாண்டியதும், குழலின் முதல் சில அங்குலங்களில் ஒட்டியிருந்தால், குண்டு புரிகளை நிறைக்கவில்லை. குண்டுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் எரியும் வாயு பீறிட்டுப் போய்க் குண்டின் ஓரத்தை அரித்து, அரித்ததை முன்னால் சுவரில் தெளித்துவிடுகிறது. காரணம் குண்டு சிறிதாக இருக்கலாம், தேவைக்கு மேல் கடினமாக இருக்கலாம், அடிப்பாகம் சரியாக வார்க்கப்படாமல் இருக்கலாம்.

குழல் வாயை ஒட்டிய கடைசி அரை அடியில் ஒட்டியிருந்தால் மசகு பாதி வழியில் தீர்ந்துவிட்டது, அல்லது அங்கே கசடு காய்ந்துவிட்டது. நீளமான குழலில், வெயில் நாளில், இதுதான் வழக்கமான நோய். 30 அங்குலம், 32 அங்குலக் குழல் என்றால் அந்தக் கடைசிப் பகுதி வரை மசகு போய்ச் சேர வேண்டும்.

குழல் முழுக்கச் சீராக ஒட்டியிருந்தால் குழலின் சொரசொரப்பையோ மொத்தமாகப் பொருந்தாத மசகையோ பாருங்கள்.

கடினமான குண்டு போட்டால் ஒட்டாது என்கிறார்களே?

புகையற்ற மருந்தின் அதிக அழுத்தத்துக்கும் வேகத்துக்கும் அது ஓரளவு பொருந்தும். கருமருந்தில் குண்டு போகும் வேகம் பெரும்பாலும் நொடிக்கு 1,100 முதல் 1,400 அடி. அழுத்தமும் குறைவு. ஆனால் அந்த அழுத்தம் குண்டின் அடியில் சட்டென்று ஓங்கி அடிப்பது போல வந்து விழுகிறது. குண்டு மிருதுவாக இருந்தால் அந்த அடியில் நீளம் கொஞ்சம் குறைந்து பருத்து, புரிகளை முழுக்க நிறைத்து, வாயுவுக்கு வழியை அடைத்துவிடும். கருமருந்துக் குண்டின் அழகே இதுதான். லினோடைப் (அச்சு எழுத்துகள் வார்க்கும் உலோகம்) போன்ற கடினக் கலவையில் வார்த்த குண்டு பருக்க மறுக்கும். அளவு ஒரு முடி சிறிதாக இருந்தாலும் வாயு ஓரமாகப் பாயும், காரீயம் ஒட்டும். ஒட்டுகிறதே என்று இன்னும் கடினமாக்கினால் இன்னும் ஒட்டும். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டு, நல்ல ரைபிளைக் குறை சொல்லி விற்றுவிட்டவர்களும் இருக்கிறார்கள்.

அப்படியென்றால் எந்தக் கலவை?

காரீயமும் வெள்ளீயமும் மட்டும். எடைக்கணக்கில் 20 பங்கு காரீயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம் என்று ஆரம்பியுங்கள். 30-க்கு 1 இன்னும் மிருது. 16-க்கு 1 கொஞ்சம் கெட்டி. நீளமான குண்டு, மெல்லிய மூக்கு என்றால் 16-க்கு 1 பக்கம் போகலாம், இல்லையென்றால் அழுத்தத்தில் மூக்கு கோணிக்கொள்ளும். அமெரிக்க ராணுவம் .45-70-க்கு 1880-களில் கொண்டுவந்த 500 கிரெய்ன் குண்டும் 16-க்கு 1 கலவைதான்.

எண் கூடக்கூடக் கடினம் என்று காட்டும் பிரினெல் அளவுகோலில் சுத்தக் காரீயம் சுமார் 5, 30-க்கு 1 சுமார் 9, 20-க்கு 1 சுமார் 10, லினோடைப் சுமார் 22. பழைய கார் சக்கரங்களில் மாட்டும் எடைக்கட்டிகளில் காரீயத்தைக் கடினமாக்கும் ஆன்டிமணி என்ற உலோகம் உண்டு. வெறுமனே அதை உருக்கி வார்ப்பது சிக்கனமாகத் தெரியும், கருமருந்துக்கு எனக்குப் பிடித்த வழி அல்ல. வெள்ளீயம் விலை அதிகம்தான். ஆனால் அது காரீயத்தோடு சீராகக் கலந்து நிற்கும், அச்சின் ஒவ்வொரு மூலையையும் நிறைக்கும்.

குண்டின் அளவை எப்படி முடிவு செய்வது?

பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல், உங்கள் குழலை அளந்து. குழலைச் சுத்தம் செய்து லேசாக எண்ணெய் தடவுங்கள். குழலைவிடச் சற்றுப் பெரிய சுத்தக் காரீயத் துண்டு ஒன்றை வாயில் வைத்து மரச் சுத்தியலால் தட்டி உள்ளே ஏற்றி, கம்பியால் மெதுவாக மறுமுனை வரை தள்ளுங்கள். தள்ளும்போது கை சொல்வதைக் கவனியுங்கள்: எங்கே இறுக்கம், எங்கே தளர்வு என்று அப்போதே தெரிந்துவிடும். வெளியே வந்த துண்டை மைக்ரோமீட்டரில் அளந்தால் பள்ளத்தின் விட்டம் கிடைக்கும்.

மசகிட்ட குண்டு அந்த விட்டத்தைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று, இரண்டு கூடுதலாக இருக்கட்டும். இன்றைய .45-70 குழல்கள் 0.457, 0.458 என்று இருக்கும், 0.459 குண்டு பெரும்பாலும் சரியாக இருக்கும். பழைய ட்ராப்டோர்களில் 0.460-ஐத் தாண்டிய குழல்கள் சகஜம். அவற்றில் கடையில் வாங்கிய 0.458 கடினக் குண்டைப் போட்டுவிட்டு, குழல் தேய்ந்துவிட்டது என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை. ஒரே ஒரு எல்லை: குண்டு பெரிதானால் தோட்டாவின் கழுத்தும் பெரிதாகும், அது சேம்பரில் தாராளமாக நுழைய வேண்டும்.

எந்த மசகு நல்லது?

தேன்மெழுகும் விலங்குக் கொழுப்போ தாவர எண்ணெயோ சேர்ந்த எதுவும். கருமருந்தில் மசகுக்கு இரண்டு வேலை: குண்டை வழுக்க விடுவது ஒன்று, கசடை மிருதுவாக வைத்திருப்பது இன்னொன்று. என் கணிப்பில் இரண்டாவதுதான் பெரிது. இன்றைய துப்பாக்கிக் கடைகளில் கடினக் குண்டுகளோடு வரும் மசகு முதல் வேலைக்காக மட்டும் செய்யப்பட்டது. அதைக் கருமருந்தில் போட்டால் சில சூடுகளிலேயே குழல் அடைத்துக்கொள்ளும். பல பெட்ரோலிய மசகுகள் கருமருந்தோடு எரிந்து தார் போல இறுகிவிடும். அதனால் அவற்றை ஒதுக்கிவிடுவதே நல்லது.

அமெரிக்காவில் பலர் வீட்டிலேயே காய்ச்சிக்கொள்ளும் ஒரு கலவை: தேன்மெழுகு 50 பங்கு, கிரிஸ்கோ என்ற சமையல் கொழுப்பு 40 பங்கு, கனோலா எண்ணெய் 10 பங்கு. கிரிஸ்கோ என்பது நம் ஊர் வனஸ்பதி வகையைச் சேர்ந்தது. உப்புப் போட்டதாக மட்டும் இருக்கக் கூடாது. நேரடி நெருப்பில் வைக்காமல், கொதிநீரில் வைத்த பாத்திரத்தில் மெதுவாக உருக்குங்கள். வெயில் காலத்தில் மெழுகைக் கொஞ்சம் கூட்டலாம், குளிரில் எண்ணெயை. கடையில் வாங்குவதென்றால் கருமருந்துக்கென்றே செய்த எஸ்.பி.ஜி. மசகு பல வருடங்களாகப் போட்டியாளர்கள் கையில் இருக்கிறது.

மசகு வகை எவ்வளவு முக்கியமோ அளவும் அவ்வளவு முக்கியம். கருமருந்துக் குண்டைச் சுற்றி மசகு நிரப்பும் பள்ளங்கள் அகலமாக, ஆழமாக இருப்பது அதற்காகத்தான். புகையற்ற மருந்துக்கு வடிவமைத்த, சின்னப் பள்ளம் ஒன்று மட்டும் உள்ள குண்டில் எந்த மசகைத் தடவினாலும் நீளக் குழலின் கடைசி வரை எட்டாது. சில சூடுகளுக்குப் பிறகு குழல் வாயைப் பாருங்கள். புரிகளை ஒட்டி ஈரமான மசகு நட்சத்திரம் போலப் படிந்திருந்தால் போதுமான அளவு போய்ச் சேர்ந்திருக்கிறது. வாய் காய்ந்து சாம்பல் பூத்திருந்தால் போதவில்லை.

இந்த மசகு விஷயத்துக்கு நம் சரித்திரத்தில் பெரிய இடம் உண்டு. 1853 மாடல் என்ஃபீல்ட் ரைபிளின் தோட்டாவுக்குக் கொழுப்புப் பூசப்பட்டதே குண்டு கசடுபடிந்த குழலில் தடையின்றி இறங்க வேண்டும் என்பதற்காகத்தான். அது பசு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு 1857-இல் வட இந்தியச் சிப்பாய்களிடையே பற்றிக்கொண்டது. பிறகு மே 10 அன்று மீரட்டில் வெடித்தது நமக்குத் தெரியும். நெய்யும் தேன்மெழுகும் கலந்து சிப்பாய்களே பூசிக்கொள்ளலாம் என்ற யோசனை வந்தபோது காலம் கடந்துவிட்டது. தொழில்நுட்பமாக மட்டும் பார்த்தால் அந்தக் கலவை வேலை செய்திருக்கும்.

இரண்டு சூட்டுக்கு நடுவே என்ன செய்ய வேண்டும்?

கசடைக் காயவிடாமல் இருக்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று ஊதுகுழாய். காலிப் பித்தளைக் கூடு ஒன்றின் அடியைத் துளைத்து ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி வைத்திருப்பார்கள். சுட்டதும் அடியைத் திறந்து காலிக் கூட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதை நுழைத்து, நீளமாக, மெதுவாக நாலைந்து மூச்சு விடுவார்கள். மூச்சிலிருக்கும் ஈரத்தைக் கசடு உறிஞ்சிக்கொண்டு இளகும். வேகமாக ஊதுவதில் பயனில்லை. சூடான, ஈரமான மூச்சு குழல் வாய் வரை போக வேண்டும். சேம்பரில் எச்சில் துளி தங்கினால் துடைத்துவிட்டு அடுத்த தோட்டாவை ஏற்றுங்கள். சொல்ல வேண்டியதில்லை என்றாலும் சொல்கிறேன்: இது அடிப்பக்கம் திறக்கும் ரைபிளில், அடிப்பக்கத்திலிருந்து மட்டும். வாய்வழித் துப்பாக்கியின் வாயில் யாரும் முகத்தை வைக்கக் கூடாது.

இன்னொன்று துடைப்பது. ஒவ்வொரு சூட்டுக்கும் பிறகு ஓர் ஈரத்துணி, பின்னாலேயே ஒரு காய்ந்த துணி. ஈரத்துக்குத் தண்ணீரில் கலக்கும் எண்ணெய் நல்லது. லேத் பட்டறையில் ஊற்றுகிறார்களே, அந்தக் கூலன்ட் ஆயில் வகை, ஏழு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு. சொட்டச் சொட்ட வேண்டாம். பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், வடியக் கூடாது.

துல்லியம் வேண்டுமென்றால் துடைப்பது மேல். ஒவ்வொரு குண்டும் ஒரே நிலையில் உள்ள குழலைச் சந்திக்கும். நேரம் குறைவான போட்டிகளில் ஊதுகுழாய்தான் கை கொடுக்கும். அமெரிக்காவின் கருமருந்து உருவப்பலகைப் போட்டிகளில் 200 மீட்டரில் கோழி, 300-இல் பன்றி, 385-இல் வான்கோழி, 500-இல் ஆட்டுக்கடா என்று இரும்பு உருவங்களைச் சாய்க்க வேண்டும். அங்கே கழுத்தில் ஊதுகுழாய் தொங்காத ஆளைப் பார்ப்பது அபூர்வம்.

எத்தனை மூச்சு, எத்தனை துணி என்பதை வானிலை தீர்மானிக்கும். நியூ மெக்சிகோவின் ராட்டன் மாதிரி உயரமான, வறண்ட இடத்தில் கசடு நிமிடத்தில் காய்ந்துவிடும். ஈரப்பதமான கடலோரத்தில் அதே ரைபிளும் அதே தோட்டாவும் பாதிக் கவனிப்பிலேயே ஒழுங்காக நடந்துகொள்ளும். குளிர்ந்த நாளில் சரியாக இருந்தது வெயிலில் கெட்டுப்போனால் ரைபிளைச் சந்தேகிக்கும் முன் மூச்சைக் கூட்டிப் பாருங்கள்.

மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே அட்டை வைக்க வேண்டுமா?

வையுங்கள். தாவர நாரில் செய்த, சுமார் 0.060 அங்குலத் தடிமன் உள்ள வட்டு போதும். குண்டின் அடியை நெருப்பிலிருந்து காக்கும், வாயுவை அடைக்கும். செலவு குறைந்த, பலன் நிச்சயமான வேலை. இதற்கு மேலும் மசகு போதவில்லை என்றால் இரண்டு வட்டுகளுக்கு நடுவே மெல்லிய மசகு வில்லை ஒன்றையும் வைப்பவர்கள் உண்டு. வில்லை குண்டின் அடியில் ஒட்டிக்கொண்டே பறந்தால் குறி தப்பும் என்பதால் குண்டுப் பக்கமும் ஒரு வட்டு அவசியம். எது வைத்தாலும் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்றிடைவெளி இருக்கக் கூடாது.

காகிதம் சுற்றிய குண்டில் காரீயமே ஒட்டாதாமே?

காகிதம் ஒழுங்காக இருந்தால் ஒட்டாது, ஏனென்றால் காரீயம் குழலைத் தொடுவதே இல்லை. புரிப் பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் மேடுகளின் விட்டத்துக்கு ஏற்ற சிறிய, வழுவழுப்பான குண்டில் பருத்திநார் கலந்த மெல்லிய தாளை ஈரமாக்கி இரண்டு சுற்றுச் சுற்றி, அடியில் மடக்கிவிடுவார்கள். சுட்டதும் குண்டு பருத்துப் புரியில் ஏறும். குழலை விட்டு வெளியே வந்ததும் தாள் சிதறிவிடும். ரைபிளுக்கு முன்னால் தரையில் விழுந்த தாளைப் பொறுக்கிப் பாருங்கள். புரி வெட்டிய நேர்த்தியான கீற்றுகளாக இருந்தால் நல்லது. கருகியிருந்தால் வட்டு சரியாக அடைக்கவில்லை.

1874 செப்டம்பரில் நியூயார்க் அருகே கிரீட்மூரில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1,000 கெஜத்தில் மோதின. அயர்லாந்துக்காரர்கள் ரிக்பி செய்த வாய்வழி ரைபிள்களோடும், அமெரிக்கர்கள் அடிப்பக்கம் திறக்கும் ரெமிங்டன், ஷார்ப்ஸ் ரைபிள்களோடும் வந்தார்கள். 934-க்கு 931 என்று அமெரிக்கா ஜெயித்தது. அந்த நெடுந்தூர ரைபிள்களின் காலம் காகிதம் சுற்றிய குண்டின் பொற்காலம். ஆனால் இதற்கு ஒவ்வொரு சூட்டுக்கும் துடைத்தே ஆக வேண்டும். கசடில் தாள் கிழிந்தால் அந்த இடத்தில் காரீயம் ஒட்டும். முதலில் பள்ளமுள்ள மசகுக் குண்டில் கை பழகுங்கள், அப்புறம் இங்கே வாருங்கள்.

சேம்பரின் முனையில் மட்டும் வளையம் போல ஒட்டுகிறது. ஏன்?

உங்கள் பித்தளைக் கூடு குட்டையாக இருக்கிறது. .45-70 கூட்டின் நீளம் 2.105 அங்குலம். பலமுறை மறுநிரப்பிய, அல்லது தேவைக்கு மேல் வெட்டிய கூடு அதைவிடக் குறைந்துவிடும். கூட்டின் வாய்க்கும் சேம்பர் முடியும் இடத்துக்கும் நடுவே விழும் இடைவெளியில் மிருதுவான குண்டு பருத்து, அடுத்த கணம் புரிக்குள் நுழையும்போது விளிம்பில் சீவப்படுகிறது. வளையம் வளர்ந்தால் தோட்டாவே முழுசாக உட்காராது. நீளம் சரியான கூடுகளை வாங்குவதுதான் தீர்வு.

வாய்வழித் துப்பாக்கியில் உருண்டைக் குண்டு சுடுகிறேன். எனக்கு இந்தக் கவலை உண்டா?

அநேகமாக இல்லை. துணி சுற்றிய சுத்தக் காரீய உருண்டை குழலைத் தொடாது. சுட்ட துணியை எடுத்துப் பாருங்கள். ஓட்டை விழுந்தோ எரிந்தோ இருந்தால் துணி மெல்லியது அல்லது குழல் வாயின் விளிம்பு கூராக இருக்கிறது. மினியே போன்ற நீளக் குண்டுகள் துணியில்லாமல் இறங்குவதால் அவற்றுக்கு மேலே சொன்ன எல்லாமும் பொருந்தும். அவற்றைச் சுத்தக் காரீயத்தில் மட்டும் வார்த்துக்கொள்ளுங்கள். மினியேயின் குழிந்த அடி விரிந்தால்தான் புரியைப் பிடிக்கும்.

கொஞ்சம் புகையற்ற மருந்து கலந்தால் கசடு குறையுமே?

கலக்காதீர்கள். கருமருந்துத் துப்பாக்கி கருமருந்தின் அழுத்தத்துக்குச் செய்யப்பட்டது. கசடு பெரிய தொல்லை என்றால் மருந்தை மாற்றிப் பாருங்கள். கருமருந்துகளுக்குள்ளேயே நிறைய வித்தியாசம் உண்டு. சுவிஸ் மருந்தின் கசடு குறைவு, ஈரப்பதமாகவும் இருக்கும், விலைதான் உறுத்தும்.

ஒட்டியதை எப்படி எடுப்பது?

முதலில் தண்ணீர், கசடு போகும் வரை. உலர்த்தி, ஊடுருவும் எண்ணெய் ஒன்றைத் தடவி ஒரு ராத்திரி விடுங்கள். காரீயத்தின் அடியில் எண்ணெய் புகுந்து பிடியைத் தளர்த்தும். தேய்ந்த பித்தளைத் தூரிகையில் பாத்திரம் தேய்க்கும் செம்புக் கம்பிச் சுருளைப் பிரித்துச் சுற்றி, இறுக்கமாக நாலைந்து முறை ஓட்டினால் செதில் செதிலாக வரும். சுருள் சுத்தச் செம்பா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். செம்பு முலாம் பூசிய இரும்பு நிறைய விற்கிறது, அது புரியைக் கீறிவிடும்.

வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊற்றச் சொல்லும் குறிப்புகள் சுற்றுகின்றன. காரீயம் கரையும், உண்மைதான். ஆனால் கிடைப்பது லெட் அசிடேட் என்ற, தோல் வழியாகவும் உடம்புக்குள் போகக்கூடிய விஷம், எஃகையும் அரிக்கும். அது வேண்டாம்.

எடுத்த பிறகு அதே இடத்தில் திரும்பத் திரும்ப ஒட்டினால் அங்கே துருக்குழியோ கருவித் தழும்போ இருக்கலாம். லேசான சொரசொரப்பைக் காரீய உருளையும் நுண்ணிய தேய்ப்புத்தூளும் வைத்துத் தேய்த்துச் சரிசெய்யலாம். அதை அனுபவமுள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் விடுங்கள்.

வீட்டில் குண்டு வார்ப்பது ஆபத்தா?

கவனமில்லாவிட்டால் ஆபத்துதான். காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். வார்ப்பது சுமார் 370 முதல் 430 டிகிரியில். உருகிய காரீயத்தில் ஈரமான கட்டி ஒன்றை, ஏன், ஒரு துளி வியர்வையைப் போட்டால்கூட நீராவி வெடித்துக் காரீயத்தை முகத்தில் வீசும். கண்ணாடி, முழுக்கைச் சட்டை, தோல் கையுறை, மூடிய செருப்பு எல்லாம் வேண்டும். காற்றோட்டமான வெளியிடத்தில் செய்யுங்கள், சமையலறையில் ஒருபோதும் வேண்டாம்.

காரீயம் உடம்புக்குள் போவதில் பெரிய பங்கு கையிலிருந்து வாய்க்குப் போகும் தூசுக்கு. மேலே மிதக்கும் கசண்டை வழித்துப் போடும்போது பறக்கும் தூசு, குழலைத் துடைத்த துணி, செம்புச் சுருளில் ஒட்டிய செதில் எல்லாமே அதே கணக்கு. துணிகளை மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். வேலை முடியும் வரை சாப்பாடு, டீ, சிகரெட் எதுவும் வேண்டாம். சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கை கழுவிவிட்டு, வார்க்கும்போது போட்ட சட்டையைத் தனியாகத் துவையுங்கள். வீட்டில் சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் வார்ப்புச் சாமான்களை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். தொடர்ந்து வார்ப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் காரீய அளவைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். சாதாரண ரத்தப் பரிசோதனையில் அது வராது. டாக்டரிடம் தனியாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.